பழைய அவுட்போர்டு மோட்டாரில் டைமிங் பார்ப்பது எப்படி

கயிற்றை இழுத்தால் மோட்டார் கையைச் சேர்த்துத் திருப்பி இழுக்கிறது. அல்லது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் திராட்டிலை முழுசாகத் திறந்தாலும் படகு எழும்பி ஓடவில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே "டைமிங் அவுட்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். டைமிங் என்றால் பிளக்கில் பொறி எந்தக் கணத்தில் அடிக்கிறது என்பது. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் டைமிங் தானாகக் கிளம்பி எங்கேயும் போவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் நாலைந்து உறுப்புகளில் ஒன்று தேய்ந்திருக்கும், நழுவியிருக்கும், இல்லையென்றால் முன்பு யாரோ திருகி வைத்திருப்பார்கள். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் டைமிங் பார்க்கிற வேலை. எடுத்த எடுப்பில் ஸ்குரூவைத் திருகுவது அல்ல.

இங்கே மாதிரிக்கு எடுத்துக்கொள்வது, பிளாட்டினம் பாயிண்டும் (பொறிக்காகத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) மேக்னெட்டோவும் (காந்தத்தால் பொறிக்கு மின்சாரம் தரும் அமைப்பு) உள்ள இரண்டு சிலிண்டர் மோட்டார். 1950கள் முதல் 1970களின் நடுப்பகுதி வரை வந்த சின்ன ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் இந்த ரகம்தான். இரண்டும் ஓஎம்சி என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியின் பெயர்களாக இருந்தவை. மூடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் ஒரே சாமான். பாயிண்ட் இல்லாத சிடிஐ (எலக்ட்ரானிக் பொறி) யமஹா, சுசுகி வைத்திருப்பவர்களுக்கும் பாதி வேலை இதேதான். வித்தியாசப்படும் இடத்தைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

டைமிங் என்பது என்ன

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி அடித்தால் காரியம் ஆகாது. எரிபொருள் எரிந்து அழுத்தம் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 5000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 12 மில்லி செகண்டு. அதில் 25 டிகிரி என்பது ஒரு மில்லி செகண்டுகூட இல்லை, சுமார் 0.8தான். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி அடித்தாக வேண்டும். எத்தனை டிகிரி முன்னால் என்பதுதான் அட்வான்ஸ். (உச்சி என்பது பேச்சுக்குத்தான். அவுட்போர்டில் கிராங்க் நெட்டுக்குத்தாக நிற்கும், சிலிண்டர் படுத்திருக்கும். பிளக் இருக்கும் பின்பக்கம்தான் உங்கள் உச்சி. மெக்கானிக்குகள் சொல்லும் 'டாப்' இதுதான்.)

பைக்கில் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அவுட்போர்டில் பாயிண்ட், காயில் எல்லாம் உட்கார்ந்திருக்கும் பிளேட் ஒரே இடத்தில் நிற்காது. திராட்டிலைத் திருகத் திருக அதுவும் கூடவே திரும்பும். ஐடிலில் பொறி டாப்புக்குப் பக்கத்தில் அடிக்கும், முழு திராட்டிலில் நன்றாக முன்னால் போகும். எதுவரை போகலாம் என்று ஒரு ஸ்டாப் தடுத்து நிறுத்தும். ஆகவே ஐடிலில் பார்த்துவிட்டு "டைமிங் சரி" என்று மூடியைப் போடுவதில் அர்த்தமில்லை. பிஸ்டனில் ஓட்டை விழுவது முழு அட்வான்ஸில்தான்.

அட்வான்ஸ் அதிகமானால் கயிறு கையை அடிக்கும், வேகத்தில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எரிவது) வரும். அவுட்போர்டின் இரைச்சலில் அந்த நாக்கிங் சத்தம் காதில் விழவே விழாது. பிஸ்டன் தலை அரித்த பிறகுதான் தெரியவரும். ரிட்டார்ட் ஆனால், அதாவது பொறி தாமதமானால், இழுவை குறையும், எக்ஸாஸ்ட் கொதிக்கும், எரிபொருள் வீணாகும். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால் ஒரு டிகிரி ரிட்டார்ட் பக்கம் இருக்கட்டும் என்பேன்.

டைமிங்கைச் சந்தேகப்படும் முன்

கம்ப்ரஷன் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வேறு இடத்தில். பிளக்கை மாற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் நன்றாக ரைஸ் ஆகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் புரொப்பல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. டைமிங்கைத் தொடவே வேண்டாம்.

தேவையான சாமான்கள்

ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பீப் சத்தம் போடும் மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃப்ளைவீலை (கிராங்கின் மேல் முனையில் இருக்கும் கனமான சக்கரம்) கழற்றும் புல்லர், டார்க் ரெஞ்ச். முடிந்தால் பிஸ்டன் நகர்வை அளக்கும் ஒரு டயல் கேஜ், பொறி அடிக்கும்போதெல்லாம் மின்னும் ஒரு டைமிங் லைட். புல்லர் என்றால் ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் மூன்று மரை ஓட்டைகளில் போல்ட் போட்டு இழுக்கிற வகை. விளிம்பில் கொக்கி மாட்டி இழுக்கும் மூன்று கால் புல்லர் இந்த வேலைக்கு ஆகாது, விளிம்பு கோணிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல். மாடல் நம்பர் பெரும்பாலும் படகின் பின்பலகையைக் கவ்வும் பிராக்கெட்டில் ஒரு தகட்டில் இருக்கும். இன்னொருவர் மோட்டாரின் டிகிரியைக் கடன் வாங்கி வைக்காதீர்கள். ஒரே ஹெச்பி, ஒரே கம்பெனி என்றாலும் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கும்.

வேலை தொடங்கும் முன் இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை பிளாக்கில் எர்த் செய்துவிடுங்கள். பாயிண்ட் மோட்டார் கையால் சுற்றும்போதே கிளம்பிவிடும் தன்மை உள்ளது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்ரோல் டேங்க்கும் குழாயும் தள்ளி இருக்கட்டும். மேலிருக்கும் கயிறு ஸ்டார்ட்டரைக் கழற்றியதும் ஃப்ளைவீல் திறந்து கிடக்கும். தோளில் துண்டோடும் அவிழ்ந்து தொங்கும் கைலியோடும் அதன் மேல் குனியாதீர்கள்.

உண்மையான டாப்பைக் கண்டுபிடியுங்கள்

அவுட்போர்டில் மேல் சிலிண்டர்தான் ஒன்றாம் நம்பர். அதன் பிஸ்டன் சரியாக எங்கே டாப்புக்கு வருகிறது என்று தெரியாமல் செய்யும் எந்தக் கணக்கும் வீண். பிளக் ஓட்டையில் ஸ்குரூ டிரைவரை விட்டுத் தடவிப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். டாப்புக்குப் பக்கத்தில் பல டிகிரிகளுக்கு பிஸ்டன் நகர்வதே தெரியாது, அதனால் அந்த முறையில் தோராயம்தான் கிடைக்கும்.

நம்பகமான வழி, பிஸ்டனை வழியில் தடுப்பது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே மரை போட்டு, முனை உருட்டிய போல்ட் ஒன்றை இறக்குங்கள். இதைச் சிலிண்டரில் மாட்டினால் பிஸ்டன் டாப்புக்குக் கொஞ்சம் முன்பே இடித்து நிற்கும். ஃப்ளைவீலை மெதுவாகக் கையால் வலப்பக்கம் சுற்றி இடித்ததும், அசையாத ஒரு புள்ளிக்கு நேராக ஃப்ளைவீலில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இடப்பக்கம் சுற்றி மறுபடி இடிக்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில், பிஸ்டன் போக முடியாத அந்தச் சின்ன வளைவின் சரிபாதிதான் உண்மையான டாப். போல்ட்டை எடுத்துவிட்டு அந்தக் கோட்டைப் புள்ளிக்கு நேராக நிறுத்துங்கள். கம்பெனி போட்ட டாப் குறி மோட்டாரில் இருந்தால் அதுவும் இப்போது பொருந்த வேண்டும்.

பொருந்தவில்லையா? கோளாறு கிட்டத்தட்ட அகப்பட்டுவிட்டது. ஃப்ளைவீலை கிராங்கோடு பூட்டி வைக்கும் அரைநிலா வடிவக் கீ பாதி வெட்டுப்பட்டு, ஃப்ளைவீல் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். புரொப்பல்லர் பாறையில் அடித்த மோட்டாரிலும், ஃப்ளைவீல் நட்டைச் சரியாக இறுக்காத மோட்டாரிலும் இதை முதலில் பாருங்கள். கீ வெட்டுப்பட்டிருந்தால் பாயிண்டை எவ்வளவு அழகாக வைத்தாலும் டைமிங் வராது.

மேனுவல் சில மாடல்களுக்கு டிகிரியில் சொல்லும், சிலவற்றுக்கு பிஸ்டன் டாப்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் கீழே என்று சொல்லும். ஒன்றை மற்றதாக மாற்ற ஸ்ட்ரோக்கும் கனெக்டிங் ராட் நீளமும் தெரிய வேண்டும். கணக்குக்கு 50 மி.மீ. ஸ்ட்ரோக், 100 மி.மீ. ராட் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் பிஸ்டன் டாப்பிலிருந்து சுமார் 1.9 மி.மீ. இறங்கியிருக்கும், 25 டிகிரியில் 2.9, 30 டிகிரியில் 4.1. ஐந்து டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். டயல் கேஜ் இல்லாமல் இதைக் கண்ணால் அளக்க முடியாது. பிளக் ஓட்டை சாய்வாக இருந்தால் டயல் கேஜும் தப்பாகத்தான் காட்டும்.

டயல் கேஜ் கிடைக்காவிட்டால் தையல்காரர் டேப் போதும். ஃப்ளைவீலின் சுற்றளவை அளந்து 360ஆல் வகுங்கள். சுற்றளவு 540 மி.மீ. என்றால் டிகிரிக்கு 1.5 மி.மீ. ஆக, 20 டிகிரி அட்வான்ஸ் என்பது டாப் குறியிலிருந்து விளிம்பில் 30 மி.மீ. தூரம். எந்தப் பக்கம் அளப்பது என்பதில் குழப்பம் வரும். மேலிருந்து பார்த்தால் இந்த மோட்டார்கள் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். டாப் குறி புள்ளிக்கு நேராக நிற்கும்போது, அதிலிருந்து கடிகார திசையில் 30 மி.மீ. தள்ளிப் புதுக் குறி போடுங்கள். சுற்றும்போது அதுதான் புள்ளிக்கு முதலில் வரும், டாப் குறி பின்னால் வரும்.

பாயிண்ட் கேப்

டைமிங்குக்கு முன்னால் கேப், அதாவது பாயிண்ட் திறக்கும் இடைவெளி. இந்த வரிசையை மாற்றவே கூடாது, ஏனென்றால் இந்த மோட்டார்களில் கேப்தான் டைமிங். பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி அடிக்கிறது. கேப் அதிகமாக இருந்தால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், அட்வான்ஸ் கூடும். கிராங்கோடு சுற்றிப் பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேயக் கேப் குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், மோட்டார் மெல்ல மெல்ல ரிட்டார்ட் ஆகும். பல வருடம் கவனிக்காமல் ஓடிய மோட்டார் 'வயசாகி' இழுவை குறைந்துவிட்டது என்பார்களே, அதில் பாதி இந்தக் கட்டை தேய்ந்த கதைதான்.

ஃப்ளைவீல் நட்டைத் தளர்த்தி, கிராங்க் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். புல்லர் அழுத்தும்போது மரை கெடாமல் அது காக்கும். புல்லரைக் கொஞ்சம் இறுக்கி, சற்றுப் பொறுத்து, மறுபடி கொஞ்சம் இறுக்கினால் 'டக்' என்று விடும். கிராங்க் முனையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. கழற்றிய ஃப்ளைவீலை மணலில் வைக்காதீர்கள். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள் காயிலைச் சுரண்டிவிடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை சில உண்டு. அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் காயில்களின் மேல்பூச்சு வெடித்திருப்பது சகஜம். வெடித்திருந்தால் காயிலையே மாற்றுங்கள், உப்புக் காற்றில் அது நிற்காது. கேமில் மேலே வர வேண்டிய பக்கத்தில் 'TOP' என்று பொறித்திருக்கும். யாராவது தலைகீழாகப் போட்டிருந்தால் டைமிங் மொத்தமாகக் கெடும். பிளேட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கேப் ஒவ்வொரு சுற்றிலும் மாறும், எந்த அளவை வைத்தாலும் நிற்காது. கிராங்கின் மேல் பேரிங் ஆடினாலும் இதே கதிதான்.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், அதன் மணல் முகத்தில் புதைந்துகொள்ளும். குழி விழுந்திருந்தால் புதுசு போடுங்கள். லேசான கறைக்கு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, பிறகு வெறும் வெள்ளைத் தாளைப் பாயிண்டுக்கு நடுவில் விட்டு இழுங்கள். தாளில் கறை வராத வரை இழுக்க வேண்டும். ஃபில்லர் கேஜில் இருக்கும் எண்ணெயும் இதே மாதிரி எதிரி, அதையும் துடைத்துவிட்டுத்தான் நுழைக்க வேண்டும்.

கிராங்கைச் சுற்றி, பாயிண்ட் அதிகபட்சம் திறக்கும் இடத்தில் நிறுத்தி அளக்கவும். இந்த ஜான்சன், எவின்ரூட் ரகங்களுக்கு 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. 0.018 தகடு தளர்வாகப் போக வேண்டும், 0.020 லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், 0.022 போகக் கூடாது. ஜப்பான் மோட்டாருக்கு இந்த அளவை வைத்துவிடாதீர்கள். அவற்றில் பாயிண்ட் உள்ள பல மாடல்களுக்குக் கேப் இதைவிடக் குறைவு. ஸ்குரூவை இறுக்கும்போது கேப் நகரும், எனவே இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். இரண்டு பாயிண்டுக்கும் இதே வேலை.

மீட்டரை வைத்துத் திறக்கும் கணத்தைப் பிடிப்பது

பழைய ராஜ்தூத், எஸ்டி வண்டிகளுக்கு சிகரெட் தாளைப் பாயிண்டில் சொருகி, அது நழுவும் கணத்தைப் பார்ப்பார்கள். அதுவும் நடக்கும். ஆனால் மீட்டர் துல்லியம்.

பாயிண்டிலிருந்து காயில் வயரையும் கண்டன்சர் வயரையும் கழற்றிவிடுங்கள். காயிலின் உள் சுற்றுக்கு ஓம் மிகக் குறைவு, அதைக் கழற்றாவிட்டால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் மீட்டர் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். பாயிண்டில் ஒரு வயரைக் கோத்து வெளியே கொண்டுவந்து மீட்டரின் ஒரு முனையில் மாட்டுங்கள், மறுமுனை பிளேட்டில். ஃப்ளைவீலைத் தன் இடத்தில் உட்காரவைத்து கடிகார திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். பீப் நிற்கும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பிப் படிக்காதீர்கள். கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள்.

இந்த ஓஎம்சி ரகத்தின் பல மாடல்களில் பிளேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு குறிகள் இருக்கும். பீப் நிற்கும்போது ஃப்ளைவீலின் குறி அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றால் கேப் அதிகம், தாண்டி நின்றால் கேப் குறைவு. இங்கே குறிகள் பிளேட்டோடு சேர்ந்து நகர்வதால் திராட்டில் எங்கே இருந்தாலும் கவலையில்லை. குறி பிளாக்கில், அசையாத இடத்தில் உள்ள மாடல் என்றால், திராட்டிலை முழுதாகத் திறந்து பிளேட்டை ஸ்டாப்பில் இடிக்க வைத்துப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அப்போது வரும் அளவு மேனுவல் சொல்லும் முழு அட்வான்ஸோடு ஒத்துப்போக வேண்டும். கேப் சரியாக இருந்தும் அது பொருந்தாவிட்டால், அப்போதுதான் ஸ்டாப்பையும் பிளேட்டைத் திருப்பும் லிங்க்கையும் தொடலாம்.

அடுத்து இரண்டாம் சிலிண்டர். அதன் பாயிண்ட் முதலாவதுக்குச் சரியாக 180 டிகிரி தள்ளித் திறக்க வேண்டும், அதாவது ஃப்ளைவீல் விளிம்பில் சுற்றளவின் சரிபாதி. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தை அந்தப் பாயிண்டின் கேப்பை இம்மி மாற்றிச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் கேம், பேரிங், அல்லது முறுக்கிக்கொண்ட கிராங்க். கிராங்க் சந்தேகத்தைத் தீர்க்க, முதல் சிலிண்டருக்குச் செய்த அதே தடுப்பு முறையில் இரண்டாவதன் டாப்பையும் கண்டுபிடித்து இரண்டும் எதிரெதிராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுபடி மாட்டும்போது கிராங்க் முனையின் டேப்பரும் (கூம்பு போன்ற சரிவு) ஃப்ளைவீல் ஓட்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். கிரீஸ் தடவுவது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்துவது டேப்பரின் பிடிப்புத்தான், கீ அல்ல. கிரீஸ் தடவினால் அடுத்த கீ வெட்டுப்படும் நாள் பக்கத்தில். ஓஎம்சி மோட்டாரில் கீயின் வெளி விளிம்பு கிராங்கின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும், டேப்பரின் சரிவோடு சாய்ந்து நிற்கக் கூடாது. நட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். 'கைப்பக்குவம்' இந்த ஒரு நட்டுக்கு வேண்டாம்.

டைமிங் லைட்

நின்ற மோட்டாரில் பார்த்தது ஓடும்போதும் அப்படியே நிற்கிறதா என்று உறுதி செய்ய லைட். கயிறு ஸ்டார்ட் மோட்டாரில் பேட்டரி இருக்காது, எனவே 12 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். கிளிப்பை மேல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுங்கள். கடற்கரை வெயிலில் ஒளி தெரியவே தெரியாது. சாயங்காலமோ கொட்டகைக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள், குறிகளுக்கு வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வையுங்கள்.

டிகிரி திருப்பும் டயல் உள்ள லைட் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அவை பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கானவை, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று கணக்குப் போடும். நம் மோட்டாரில் ஒவ்வொரு சுற்றிலும் பொறி அடிப்பதால் டயல் இரட்டிப்பாகக் காட்டும், 40 என்றால் உண்மை 20. டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, டேப்பால் அளந்து போட்ட குறியை மட்டும் நம்புவதே எளிது.

தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள். வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து சுற்றினால் சில நொடிகளில் கருகும். டிரம் தண்ணீரில் ஐடிலும் மெதுவான ரைஸும் பார்க்கலாம். முழு அட்வான்ஸுக்குச் சுமை வேண்டும். சுமை இல்லாமல் முழு திராட்டில் கொடுத்தால் மோட்டார் அளவு மீறிப் பறந்து கனெக்டிங் ராடை உடைத்துக்கொள்ளும். படகைக் கனமான வடத்தால் கட்டிப்போட்டு, அல்லது ஓட்டத்திலேயே இன்னொருவர் சுக்கானைப் பிடிக்க, பார்க்க வேண்டும். ஓட்டத்தில் பார்ப்பவர் உட்கார்ந்தபடி பார்க்கட்டும். திறந்த ஃப்ளைவீல் பக்கத்தில், அலையில், நின்றுகொண்டு அல்ல.

சிடிஐ மோட்டார் என்றால்

பாயிண்ட் இல்லை, தேய எதுவும் இல்லை. டைமிங் மாறியிருந்தால் சந்தேகம் மூன்று இடங்களில்: ஃப்ளைவீல் கீ, கழன்ற அல்லது நகர்ந்த காந்தம், பிளேட்டைத் திருப்பும் லிங்க். டாப் கண்டுபிடிப்பதும் லைட் அடிப்பதும் மேலே சொன்னது போலத்தான். பிளக் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கயிறு இழுக்காதீர்கள். பொறி போக வழியில்லாமல் சிடிஐ யூனிட் எரிந்துபோகும், அதன் விலைக்கு ஒரு பழைய மோட்டாரே வாங்கலாம்.

மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்களுக்கு

மண்ணெண்ணெயின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலைவிட மிகக் குறைவு, சீக்கிரம் நாக்கிங் வரும். அதற்கென்றே வந்த மோட்டார்களில் கம்ப்ரஷனைக் குறைத்திருப்பார்கள். பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, இழுவை போதவில்லை என்று அட்வான்ஸையும் கூட்டினால் பிஸ்டன் தாங்காது. இழுவை குறைவது எரிபொருளால். அட்வான்ஸ் அதற்கு மருந்தல்ல.

வேலை முடிந்ததும் திராட்டிலைத் திருகி, பிளேட் நகரத் தொடங்குவதற்கும் கார்புரேட்டர் திறப்பதற்கும் உள்ள ஒத்திசைவை மேனுவல்படி சரிபாருங்கள். டைமிங்கைத் தொட்டால் இதுவும் கலையும். இதை விட்டுவிட்டு "டைமிங் வைத்தும் பிக்கப் இல்லை" என்று மறுபடி ஃப்ளைவீலைக் கழற்றுபவர்கள் அதிகம். பிறகு வைத்த கேப்பையும் தேதியையும் மூடியின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் எழுதிவையுங்கள். புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் ஃபைபர் கட்டை படிந்து கேப் கொஞ்சம் குறையும். சில மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை திறந்து அளந்து பாருங்கள்.